அமீர் கலைத்த சபையும் நம் ஊர் நகராட்சியும்

2024 மே 10ஆம் தேதி குவைத் அமீர் ஷேக் மிஷால் தன் நாட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளும் அதோடு நிறுத்திவைக்கப்பட்டன. இந்த ஏற்பாடு நான்கு ஆண்டுகளுக்கு மேல் போகாது என்று தொலைக்காட்சியில் அவரே சொன்னார். அந்த வாரம் காரைக்காலில் ஒரு டீக்கடையில், விடுப்புக்கு வந்திருந்த நானா (அண்ணன் முறை) ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குவைத்தில் வீட்டு டிரைவர் அவர். செய்தி அவருக்கு முன்னமே போனில் வந்துவிட்டிருந்தது.

“நல்ல வேலை செஞ்சாரு மனுஷன். அந்த பார்லிமென்ட்ல சண்டை போட்டதத் தவிர வேற என்னத்த செஞ்சானுவ? துபாயப் பாரு, எங்கேயோ போயிட்டான்” என்றார். பக்கத்து பெஞ்சில் இருந்த இன்னொருவர், வளைகுடாப் பக்கமே போகாதவர், முடிவாகச் சொன்னார்: “அரபிக்கெல்லாம் எலெக்சன் ஒத்துவராது தம்பி. அவனுக்கு ராஜாதான் சரி.”

இரண்டு பேச்சும் என்னை விட்டுப் போகவில்லை. முதலாவதில் ஒரு மனிதரின் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. இரண்டாவதில் இருப்பது அகந்தை. நாம் ஜனநாயகத்தில் வாழ்ந்து பழகியவர்கள், அவர்கள் பழகாதவர்கள் என்கிற அகந்தை. காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அரபு தேசம் காரைக்காலுக்கு எட்டாத தூரம் இல்லை. மரைக்காயர்கள் கப்பலோட்டிய காலத்திலிருந்தே வெளிநாட்டுப் பயணம் இங்கே வீட்டுப் பேச்சு. பினாங்கு, சைகோன், பாரீஸ் என்று போனது ஒரு தலைமுறை. குவைத், சவுதி, துபாய் என்று போனது அடுத்த தலைமுறை. அரபியில் பயணத்துக்கு ‘சஃபர்’ என்று பெயர். போய்வந்தவர் இங்கே சபுராளி. இக்காமா (வசிப்பு அனுமதி), கஃபீல் (பொறுப்பேற்கும் முதலாளி), ஃபைனல் எக்ஸிட் (வேலை முடித்து ஒரேயடியாகத் திரும்புவது) என்றால் என்னவென்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். 1967இல் 29 வயதில் புதுச்சேரி முதல்வரான ஃபாரூக் மரைக்காயர், 2004இல் சவுதி அரேபியாவுக்கு இந்தியத் தூதராகப் போனார். ரியாத்துக்கும் ஜித்தாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியிருந்த வீடுகளில் அது உறவுக்காரர் ஒருவருக்குப் பதவி கிடைத்ததுபோலப் பேசப்பட்டது.

சொற்களும் கடல் கடந்து வந்தவைதான். வசூல், வக்கீல், தாசில், ஆட்சியரிடம் நாம் கொடுக்கிற மகஜர், எல்லாவற்றுக்கும் வேர் அரபியில் இருக்கிறது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஒரு காரியத்தை முடிவெடுக்கும்முன் ‘மஷூரா’ செய்வார்கள். கூடி உட்கார்ந்து கலந்து பேசுவது என்று பொருள். ஆள்கிறவர் கலந்து பேசித்தான் ஆள வேண்டும் என்பதைக் குறிக்கிற ‘ஷூரா’வுக்கும் அதே வேர். ஷூராவும் வாக்குப்பெட்டியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சவுதியில் ஷூரா சபை என்ற பெயரிலேயே மன்னர் நியமித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் கேட்டுச் செய்ய வேண்டும் என்கிற எண்ணமே அந்த மண்ணுக்கு அந்நியம் என்றால் அது பொய்.

சரி, அரபு மக்கள் என்னதான் நினைக்கிறார்கள்? 2006 முதல் ‘அரபு பாரோமீட்டர்’ என்ற ஆய்வு அமைப்பு அவர்களிடமே நேரில் கேட்டுவருகிறது. பிபிசி அரபுச் சேவையோடு சேர்ந்து 2021 கடைசியிலும் 2022லும் ஒன்பது நாடுகளிலும் பாலஸ்தீனப் பகுதிகளிலும் ஏறத்தாழ 23,000 பேரிடம் கேட்டார்கள். ஜனநாயகத்தில் பொருளாதாரம் சுணங்கிப்போகிறது என்று இராக்கில் 72 விழுக்காட்டினரும் துனீசியாவில் 70 விழுக்காட்டினரும் சொன்னார்கள். காரியம் நடக்க வேண்டுமானால் விதியை வளைக்கிற தலைவர் ஒருவர் தேவை என்பதைத் துனீசியாவில் பத்தில் எட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். இதைப் படித்தால் டீக்கடையில் கேட்டதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில், குறைகள் இருந்தாலும் ஆட்சிமுறைகளில் ஜனநாயகமே மேலானது என்றும் பெரும்பாலானவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மனிதர் இரண்டையும் சொல்கிறார். ஜனநாயகம் வேண்டும், ஆனால் அது எனக்குச் சோறு போடவில்லை.

இந்தப் பேச்சை நாம் கேட்டதே இல்லையா? பியூ ஆய்வு மையம் 2023இல் 24 நாடுகளில் இதே மாதிரி கேட்டது. நாடாளுமன்றமோ நீதிமன்றமோ குறுக்கிடாமல் முடிவெடுக்கிற வலுவான தலைவர் ஒருவர் இருப்பது நல்லது என்று இந்தியாவில் 67 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2017இல் அது 55ஆக இருந்தது. ‘ஒரு அஞ்சு வருஷம் மிலிட்டரிகிட்ட கொடுத்துப் பாக்கணும் சார்’ என்கிற வசனம் நம் ரயில்பெட்டிகளில் எத்தனை காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது! ஒத்துவராது என்பதற்கு இந்தக் கணக்குதான் சான்று என்றால், நமக்கும் ஒத்துவராது என்றுதான் சொல்ல வேண்டும். மதத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்தோனேசியாவைப் பார்க்கட்டும். உலகில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் அந்த நாட்டில் 2024 பிப்ரவரியில் 20 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள்.

துனீசியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் என்ற சிற்றூரில் முகமது பூஅசீசி என்ற தள்ளுவண்டி வியாபாரியிடமிருந்து நகராட்சி ஆட்கள் தராசைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் முறையிடப் போனார். யாரும் காது கொடுக்கவில்லை. அலுவலக வாசலிலேயே தீ வைத்துக்கொண்டார். நான்கு வாரம் கழித்து, 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகளாக ஆண்டுவந்த பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அரபு வசந்தம் என்று உலகம் பெயர் வைத்ததெல்லாம் ஒரு காய்கறிக்காரரின் தராசிலிருந்து கிளம்பியது. அவர் கேட்டது நாடாளுமன்றமோ புது அரசியல் சட்டமோ இல்லை. தன் தராசைத் திருப்பித் தரச் சொல்லி யாரிடம் போவது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல துனீசியர்கள் உண்மையாகவே முயன்றார்கள். 2014இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்பும் சேர்ந்து நாட்டைக் கலவரத்திலிருந்து மீட்டதற்காக 2015இல் அமைதி நோபல் கிடைத்தது. 2018 மே மாதம் 350 நகராட்சிகளுக்கு முதன்முறையாகச் சுதந்திரமான தேர்தல் நடந்தது. வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதால், வென்ற இடங்களில் ஏறக்குறைய பாதி, 47 விழுக்காடு, பெண்களுக்குப் போயிற்று. தலைநகர் துனீஸுக்குச் சுஆத் அப்துர்ரஹீம் முதல் பெண் மேயரானார்.

பிறகு என்ன ஆயிற்று? விலைவாசி ஏறியது, வேலை வரவில்லை, கட்சிகள் நாடாளுமன்றத்தில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தன. 2019இல் தேர்தலில் வென்று அதிபரான கைஸ் சயீத், 2021 ஜூலை 25 அன்று நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் ஜனங்கள் கொண்டாடினார்கள். இரண்டு ஆண்டு போவதற்குள், 2023 மார்ச்சில், நகராட்சி மன்றங்களையும் அவர் கலைத்தார். 2022 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு நடந்த முதல் சுற்று வாக்குப்பதிவுக்கு வந்தவர்கள் 11 விழுக்காடு. வலுவான தலைவர் வேண்டும் என்று கேட்ட அதே ஜனங்கள், அவர் கொண்டுவந்த வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. அவர்கள் ஜனநாயகத்தை வெறுத்தார்கள் என்று என்னால் படிக்க முடியவில்லை. ஏமாந்தார்கள், பிறகு திரும்பவும் ஏமாந்தார்கள்.

குவைத்துக்கு வருவோம். வளைகுடா முடியரசுகளில் அதிகாரமுள்ள நாடாளுமன்றம் முதலில் அங்கேதான் அமைந்தது. 1962இல் அரசியல் சட்டம், 1963இல் முதல் சபை. பெண்களுக்கு வாக்குரிமை வர 2005 ஆயிற்று. 1976இலும் 1986இலும் அமீர்கள் சபையைக் கலைத்துவிட்டுத் தேர்தல் வைக்காமல் இருந்தபோது, குவைத்திகள் சும்மா இருந்துவிடவில்லை. 1989 கடைசியில் தொடங்கி, திங்கட்கிழமை மாலைகளில் திவானியாக்களில் கூடி சபையைத் திரும்பக் கொடு என்று கேட்டார்கள். திவானியா என்பது வீட்டையொட்டிய கூடம். ஆண்கள் சாயங்காலம் கூடிப் பேசுகிற இடம். காவல்துறை தடுத்தும் கூடினார்கள். நம் ஊர் டிரைவர்கள் முதலாளியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வண்டியிலேயே இரவு பதினொரு மணிவரை காத்துக் கிடக்கிறார்களே, அந்த இடம்தான். உள்ளே நடக்கிற வாதம் சுவரைத் தாண்டி வெளியே கேட்கும் என்று நானாவே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சபை சலிப்பை உண்டாக்கியதும் உண்மை. 2020 டிசம்பருக்கும் 2024 ஏப்ரலுக்கும் நடுவில் நான்கு தேர்தல். அமைச்சர்களைக் கூண்டிலேற்றுவது, அமைச்சரவை ராஜினாமா, கலைப்பு, மறுபடி தேர்தல். பக்கத்தில் துபாயும் தோஹாவும் வளர்ந்ததைப் பார்த்த குவைத்திகளே, நமக்கு நாடாளுமன்றத்தால் வந்த வினை இது என்று பேசத் தொடங்கினார்கள். நானா அங்கே கேட்டதைத்தான் இங்கே வந்து சொன்னார். துபாய் வளர்ந்தது நாடாளுமன்றம் இல்லாததால்தானா என்பது வேறு கேள்வி. நாடாளுமன்றம் இல்லாமலே வளராமல் கிடக்கிற அரபு நாடுகளின் பட்டியல் நீளம்.

நானா புகழ்கிற குவைத்தின் ஒழுங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நானா விடுப்பு முடிந்து போன சில நாளில், 2024 ஜூன் 12 விடியற்காலை, குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. ஏறத்தாழ 50 பேர் மாண்டார்கள். 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் வந்து இறங்கியது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பதறிப்போய் நானாவுக்குப் போன் செய்தேன். அவர் இருந்தது வேறு பகுதி. நலமாக இருந்தார். தானும் முன்னொரு காலத்தில் அப்படி ஒரு கட்டடத்தில், ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்ததைச் சொன்னார். “அப்பவே தெரியும் தம்பி, தீப்புடிச்சா எறங்க வழியில்லன்னு. யாருகிட்ட சொல்றது?”

நாடாளுமன்றம் இருந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது இருந்த காலத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக வாய் திறந்த உறுப்பினர் குறைவு. அவர்களைக் குறைக்கச் சொல்லிப் பேசியவர்கள்தான் அதிகம். நாட்டில் வாழ்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வெளியார், அவர்களுக்கு வாக்கு இல்லை. சாலை சுத்தம், சிக்னல் ஒழுங்கு, இரவில் பெண்கள் தனியே போகலாம் என்பதெல்லாம் மெய். நானா ஊருக்குக் கொண்டுவருகிற பெருமை அது. யாரிடம் சொல்வது என்ற கேள்வியை அவர் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

ஆனால் காரைக்காலுக்கு வந்தால் மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறதா?

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் 2006இல். நடுவில் 38 ஆண்டுகள். 1973இல் நகராட்சிச் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. 1992இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்றது. அப்போதும் நடக்கவில்லை. நீதிமன்றப் படிகள் பல ஏறிய பிறகே 2006இல் வாக்குப்பெட்டி வந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. 2021இல் தேதி அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டில் சிக்கல், வழக்கு, நின்றுபோயிற்று. காரைக்கால் நகராட்சியையும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் 2011இலிருந்து அதிகாரிகளே நடத்துகிறார்கள். 2006 தேர்தலுக்குப் பிறகு பதினெட்டு வயதானவர் எவரும் இந்த ஊரில் ஒரு வார்டு உறுப்பினருக்கு வாக்களித்ததில்லை. அவர்களில் மூத்தவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இந்த ஊர் தேர்தலை அறியாத ஊர் என்றாலாவது ஆறுதல் கொள்ளலாம். 1880இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆணை போட்டு இங்கே கொம்யூன்களை அமைத்தபோதே காரைக்கால், கிராந்து அல்தே என்று அவர்கள் அழைத்த திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு ஆகிய மூன்று இடங்களில் நகர்மன்றங்கள் வந்தன. அந்தத் தேர்தல்கள் யோக்கியமாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல் என்று பிரித்தார்கள். அடியாட்களும் கள்ள ஓட்டும் சாதாரணம். ஆனாலும் அந்த மன்றங்கள்தான் கடைசியில் வரலாற்றைத் தீர்மானித்தன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றி வாக்கெடுத்தபோது, வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்த 178 பேரும் சட்டசபை உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களும்தான். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக, எட்டுப் பேர் எதிராக. நாம் இந்தியர்களானது நகர்மன்ற உறுப்பினர்களின் கையால். அந்த இந்தியாவில்தான் இன்று நமக்கு நகர்மன்ற உறுப்பினர் இல்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைக்கிறது.

புதுச்சேரிக் கடற்கரையில் பழைய ‘மேரி’ (நகர்மன்ற) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. நகராட்சியின் அடையாளம் அது. பழைய தோற்றம் மாறாமல் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அழகாக இருக்கிறது. அங்கே கூடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் இல்லை.

ஏன் இப்படி? இடஒதுக்கீடு, மறுவரையறை, வழக்கு என்று காரணங்கள் உண்டு. அவற்றில் சில நியாயமானவையும்கூட; பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் இல்லாமல் அவசர அவசரமாகத் தேர்தல் வைப்பது சரியாகாது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பை முடிக்க இத்தனை ஆண்டா? எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. இங்கே ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டுத் தொகுதியோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. அதனால் தெருவிளக்கு, சாக்கடை, முதியோர் பென்ஷன் எல்லாமே எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் முடிகிறது. அரசலாற்றுக் கடைமடையில் ஐப்பசி மழை கொட்டி, வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், எம்.எல்.ஏ.வின் ஆள் யாரென்று தெரிந்தவருக்கு மோட்டார் வரும். தெரியாதவர் வாளியால் இறைப்பார். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு தலைவர் வளர்வதை எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் விரும்பவில்லை. எல்லாக் கட்சிகளும் ஆண்டு பார்த்தாயிற்று. இந்த ஒன்றில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை.

இழப்பு யாருக்கு என்று பார்த்தால் முதலில் பெண்களுக்கு. 2006இல் ஒதுக்கீடு இருந்ததால் பெண்கள் மன்றங்களுக்குள் வந்தார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 இடங்களில் வென்ற பெண் ஒரே ஒருவர், நம் நெடுங்காடு தொகுதியில் நின்றவர். ‘அரபிக்கு ஒத்துவராது’ என்று பேசுகிறோம். துனீசியாவின் 47 விழுக்காட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட என்னை வருத்துவது நம் மௌனம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த ஒன்றியப் பிரதேசத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கச் சளைக்காத ஜனங்கள் நாம். ஆனால் வார்டு தேர்தல் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு கடையடைப்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை. குவைத்திகள் தம் சபைக்காகத் திங்கட்கிழமை தோறும் கூடினார்கள். நாம் எந்தக் கிழமையில் கூடினோம்?

காரைக்காலில் இன்னொரு காட்சியும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. 2022இல் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு அவர்களுக்காகக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி வைத்தார்கள். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டுப் பெரியவர் பாரீஸில் யார் ஆள வேண்டும் என்று வாக்களித்துவிட்டு வருகிறார். எதிர்வீட்டுக்காரருக்குத் தெருச் சாக்கடையைக் கவனிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அவருடைய மகன் குவைத்தில். 2010 சட்டத் திருத்தத்தால் அவன் பெயர் வெளிநாட்டு வாக்காளர் பட்டியலில் ஏறலாம். ஆனால் வாக்களிக்க டிக்கெட் போட்டு நேரில் வர வேண்டும். பாலைவனத்தில் பட்டறைச் சம்பளம் வாங்குகிறவன் அதற்காக வருவானா? இருக்கிற நாட்டிலும் அவனுக்கு வாக்கில்லை, பிறந்த ஊரிலும் கைக்கெட்டவில்லை. அவன் விடுப்பில் வந்து, ராஜா ஆட்சிதான் நல்லது என்றால், அவனை எப்படிக் குறை சொல்வது? வாக்கு அவனுக்கு எதைக் கொடுத்தது என்று அவன் நம்ப வேண்டும்?

அரபு மக்களின் மனநிலை என்று பெரிய தலைப்பில் எழுதப்படுகிற கட்டுரைகளில் பழங்குடி மரபு, மதம், எண்ணெய்ப் பணம் என்று காரணம் தேடுகிறார்கள். எண்ணெய்ப் பணத்துக்குப் பங்குண்டு; வரி கேட்காத அரசிடம் கணக்குக் கேட்பது கடினம். ஆனால் சிதி பூசிதும் மங்காஃபும் காரைக்காலும் எனக்கு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. நம் முறையீட்டைக் கேட்க வேண்டிய மேசையில் இருப்பவர் நம் வாக்குக்குக் கட்டுப்பட்டவரா இல்லையா? அவர் கட்டுப்பட்டவராக இல்லாவிட்டால், தலைநகரில் எத்தனை பெரிய சபை இருந்தாலும் அது ஊருக்கு வந்து சேராது.

பிற்படுத்தப்பட்டோர் கணக்கை முடியுங்கள். வார்டுகளைப் பிரித்துப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் தேதியைச் சொல்லட்டும். இந்த மூன்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை.

போன வாரம் நானா பேசினார். அமீர் சொன்ன நான்கு ஆண்டு 2028 மே மாதத்தோடு முடிகிறதாம். முடிந்ததும் சபை திரும்பி வருமா என்று முதலாளி வீட்டுத் திவானியாவில் இப்போதே பேச்சு நடக்கிறதாம். “நம்ம ஊர்ல எப்ப தம்பி?” என்றார். நகராட்சிக்கு யாரும் கெடு சொல்லவில்லை நானா என்றேன்.